கேள்வி ஏழு

சுங்கை பூலோ. காலை ஒன்பதே கால்.
பேருந்து தாமதம். நீர் எப்போதோ வடிந்துவிட்டது.
நண்டுகள் எங்களைக் கேட்காமல்
பாதி வேலையை முடித்திருந்தன.
எதிர்க்கரையில் ஜொகூர் கட்டடங்கள் புகைமூட்டத்தில்.
இருபத்தாறு பிள்ளைகள், இருபத்தாறு அட்டைகள்,
நூலில் கட்டித் தந்த பென்சில்கள்.
ஒன்று அதற்குள் பலகை இடுக்கில் நழுவி
கீழே சேற்றில் செங்குத்தாக நின்றது,
மூச்சுவேர்களுக்கு நடுவில்
இன்னொரு மூச்சுவேராக.

"அதுவும் மூச்சு விடுமா?" என்றான் மிதுனேஷ்.
சிரித்தார்கள். நானும்தான்.
மூச்சுவேர் என்றால் என்னவென்று
அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

முதலை எச்சரிக்கைப் பலகையை
ஓர் உடும்பு படிக்காமலே கடந்து போனது.

பிறகு சேற்றுத்தாவி.
கைப்பிடிக்கு நேர் கீழே, ஒரு முழ தூரத்தில்.
மீன்தான். ஆனால் துடுப்பை முழங்கையாய் ஊன்றி,
கடைசிப் பாடவேளையில் மேசைமேல் சாய்கிறவனைப்போல்
சாய்ந்து கிடந்தது.
கண்கள் தலைக்கு மேலே.
ஒரு கண் உள்ளே அமிழ்ந்தது,
நனைந்து, திரும்ப வந்தது.
புரண்டு முதுகில் சேறு பூசிக்கொண்டது.
உப்பிய கன்னத்தைக் காட்டி ஸஹ்ரா சொன்னாள்:
"தண்ணிப் போத்தல வாய்க்குள்ளயே வெச்சிருக்கு!"
அப்படியே எழுது என்றேன்.
'செவுள் அறைகளில் நீரைத் தேக்குகிறது'
என்பது விடைக்குறிப்பு.
நான் எழுதிய குறிப்பைவிட
அவள் சொன்னது நன்றாக இருந்தது.

கேள்வி ஏழும் நான் எழுதியதுதான்.
சேற்றில் வாழ்வதற்கு
இம்மீன் தன்னை எப்படி மாற்றிக்கொண்டது?

எழினி அதிகம் பேசமாட்டாள்.
அட்டையை இரண்டு முறை படித்துவிட்டு
பென்சிலால் காதைச் சொறிந்தபடி கேட்டாள்:
"டீச்சர், மாத்திக்கத் தெரியாத மீனெல்லாம்
எங்க போச்சு?"

தமிழாசிரியர் நான்.
'கொள்' என்னும் துணைவினையைப்
பதினோரு ஆண்டுகளாய்க் கற்பிக்கிறேன்.
எழுதிக்கொள், தலைவாரிக்கொள், பார்த்துக்கொள்.
செய்கிறவனுக்கே பயன் திரும்பும் என்பேன்.
அந்த ஒரு சொல்லைச் சேர்த்து
மீனுக்கு ஒரு திட்டம் கொடுத்திருக்கிறேன்,
ஒரு திங்கட்கிழமை, ஒரு தீர்மானம்,
நாளை முதல் நடப்பேன் என்று.

எந்த மீனும் மாற்றிக்கொள்ளவில்லை, எழினி.
தோல் கொஞ்சம் கூடுதலாக ஈரம் தாங்கும்படி
ஒன்று சும்மா பிறந்தது.
அடுத்த நீரேற்றம்வரை கிடந்தது.
பக்கத்தில் கிடந்தது கிடக்கவில்லை.
இருந்தது முட்டையிட்டது.
இப்படி எத்தனை ஏற்றம், எத்தனை வற்றம்,
எனக்கு எண்ணத் தெரியாது.

இதைப் பத்து வயதுக்காரர்களிடம்
மைலோ பொட்டலம் பிரிக்கும் நேரத்தில்
சொல்லலாமா?
சொல்லிவிட்டேன்.

கொஞ்சநேரம் உறிஞ்சும் சத்தம் மட்டும்.
"அப்ப இந்தச் சேறு முழுக்க அதுங்கதானா?"
மிதுனேஷ் பலகை விளிம்பில் தொங்கவிட்ட காலை
மெல்ல மேலே இழுத்தான்.
யாரோ கறிபஃப் கேட்டார்கள்.
சேற்றுத்தாவி தாவியது,
எங்கள் பேச்சுக்காக அல்ல,
ஒரு கொக்கின் நிழலுக்காக.

திரும்பும் வழியில், கிராஞ்சி தாண்டியதும்,
அட்டைகளைப் புரட்டினேன்.
ஏழில் இருபத்து நான்கு பேர்
விடைக்குறிப்பை ஒட்டி ஏதோ எழுதியிருந்தார்கள்.
ஒருவன் 'தெரியாது'.
எழினி எழுதவில்லை. வரைந்திருந்தாள்:
நடுவில் ஒரு மீன், கண் செதில் எல்லாம் வைத்து;
சுற்றிலும் நிறைய, மிக நிறைய,
அழுத்தாத கோட்டில்
வெறும் உருவங்கள்.

அதற்கு எத்தனை மதிப்பெண் என்று
இன்னும் முடிவு செய்யவில்லை.
என் பிரதியில் 'கொண்டது' என்பதை அடித்தேன்.
அடித்த பிறகு வாக்கியம் நிற்கவில்லை.
'தன்னை'யையும் அடித்தேன்.

பள்ளி வாசலில் பென்சில்களை எண்ணி வாங்கினேன்.
இருபத்தைந்து.